கீழே விழாத தட்டு

அந்தத் தட்டைப் படுக்க வைக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள். நேற்று உங்கள் ஆள் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அலமாரியில் ஃபைல்களுக்கு அடியில் செருகியதைப் பார்த்தேன். அவரைக் குறை சொல்லவில்லை, பழக்கம் இல்லாதவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. பழைய காலத்து அரக்கு இசைத்தட்டு அது. வளைந்து கொடுக்காது. மேலே கனம் ஏறினால் விரிசல் விடும், கை தவறினால் பீங்கான் மாதிரி சிதறிவிடும். ஜன்னல் ஓரமும் வேண்டாம், வெயில் படும்.

எல்லாவற்றையும் என் வாயாலேயே சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். முன்பு கொடுத்த வாக்குமூலத்தில் இரண்டு இடங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. அதற்கு வரும்போது சொல்கிறேன்.

காதுக்கருவி பொருத்துவது என் தொழில். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சொந்த விருப்பத்தில் வருவதில்லை, மனைவி இழுத்துக்கொண்டு வருவார். "கூப்பிட்டா திரும்பியே பாக்கறதில்ல சார்" என்பார். கணவர் காதில் விழாத மாதிரி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவேன். எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று தெரிந்த பிறகு காதுக்கு அச்சு எடுப்பேன். எந்த ஒலியைத் தூக்க வேண்டும், எதை அடக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் அமைத்துக் கொடுப்பேன். இந்த வேலையில் என் கை சுத்தம். எத்தனையோ பேருக்குப் பேரக்குழந்தையின் குரலை மீட்டுக் கொடுத்திருக்கிறேன். அதையும் நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது.

மற்றபடி எனக்கு இருந்த ஒரே பைத்தியம் ஜாஸ் ரெக்கார்டு. எங்கள் கூட்டத்தில் நான்கு பேர். பல் டாக்டரம்மா, மீன்தொட்டிக் கடைக்காரர், சைரன் அண்ணன், நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு விடுமுறை என்பதால், நோயாளிகள் காத்திருக்கும் ஹாலில் கூடுவோம். சுவரில் சொத்தைப் பல்லின் படம், நடுவில் ரெக்கார்டு பிளேயர். அந்த வாரம் யாருக்கு எது கிடைத்ததோ அதை வெற்று உறையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். லேபிளைக் காட்டாமல் ஓட்ட வேண்டும். ஊசி தட்டில் இருக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஊசியைத் தூக்கிய பிறகு ஊகிக்கலாம். டிரம்ஸ் யார், கிளாரினெட் யார், எந்த வருஷம். தப்பாகச் சொன்னவரை அடுத்த வாரம் வரைக்கும் கிண்டலடித்தே தீர்த்துவிடுவோம்.

சைரன் அண்ணன் வாழ்நாள் முழுக்கத் தீயணைப்பு வண்டி ஓட்டியவர். தலைக்கு மேலே அலறிய சைரன் அவருடைய காதில் மேல் ஒலிகளை, அதாவது கீச்சென்று உயரத்தில் வரும் சத்தங்களை, கொஞ்சம் தின்றுவிட்டிருந்தது. நானே வற்புறுத்தி அழைத்துப்போய் கருவி பொருத்தினேன். அதில் இரண்டு அமைப்புகள். ஒன்று பேச்சுக்கும் தெருவுக்கும், இன்னொன்று இசைக்கு. காதுக்குப் பின்னால் இருக்கும் பொத்தானை அழுத்தினால் மாறும். முதல் நாள் வீட்டுக்குப் போய் ரெக்கார்டு போட்டுக் கேட்டுவிட்டு எனக்கு போன் செய்தார்.

"தம்பி, இந்தப் பாட்டுல டிரம்ஸ்காரன்னு ஒரு ஆள் இருக்கான்னே எனக்கு இன்னிக்குத்தான்பா தெரியுது."

குரல் உடைந்தது. எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பு இல்லை. அவரை எனக்கு உண்மையாகவே பிடிக்கும்.

இப்போது தட்டுக்கு வருகிறேன். ஐந்து பேர் சேர்ந்து வாசித்த மெதுவான ஒரு மெட்டு. டிரம்ஸில் குச்சி இல்லாமல் கம்பி பிரஷை வைத்து வட்டமாகத் தேய்ப்பார்கள், பட்டுப்புடவை உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். இடையிடையே சிம்பல் என்கிற பித்தளைத் தாளத்தை லேசாகத் தொடுவார்கள். இளம் வயதில் யாரோ பதிவுசெய்து கொடுத்த தேய்ந்த டேப்பில் அதை ஒரே ஒருமுறை கேட்டேன். அன்றிலிருந்து தேடிக்கொண்டே இருந்தேன். என் கல்யாணத்துக்கு முந்தின வாரம்கூடப் பழைய சாமான் கடையில்தான் இருந்தேன். நான் அதைத் தேடுவது எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள், பெட்டி பெட்டியாக ரெக்கார்டு இருக்கிறது என்று எனக்குத்தான் முதலில் தகவல் வந்தது. சைரன் அண்ணனையும் நானே கூட்டிக்கொண்டு போனேன். மாடி அறையில் தரையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பெட்டியாகப் புரட்டினோம். பிறகு பெட்டிகளை மாற்றிக்கொண்டோம். நான் பார்த்து முடித்த பெட்டியிலிருந்து அவர் ஒரு தட்டை எடுத்தார். நடனக் குழு ஒன்றின் லேபிள் ஒட்டியிருந்தது. அதே தட்டை நானும் கையில் எடுத்து, லேபிளைப் படித்துவிட்டுத் திரும்ப வைத்திருந்தேன். அண்ணன் லேபிளோடு நிற்கவில்லை. லேபிளைச் சுற்றிப் பாட்டு இல்லாத வழுவழுப்பான வளையம் இருக்குமே, அதில் கீறியிருந்த எண்ணை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தார். தொழிற்சாலையில் எவனோ லேபிளை மாற்றி ஒட்டியிருந்தான்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "தம்பி, இது நீ தேடுற தட்டுப்பா" என்றார்.

முதலில் கையில் எடுத்தவருக்கே தட்டு சொந்தம் என்பது எங்கள் கூட்டத்தின் வழக்கம். முதலில் கையில் எடுத்தவன் நான். எடுத்துத் திரும்ப வைத்தவனுக்கு உரிமை உண்டா என்று நாங்கள் என்றைக்கும் பேசியதில்லை, அப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தருவார் என்று நினைத்தேன். "எப்ப வேணும்னாலும் வீட்டுக்கு வந்து கேளு, உனக்கில்லாததா" என்று சொல்லிவிட்டுத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு அடிவயிறு எரிந்தது. ஆனாலும் சிரித்தேன்.

அன்று சாயங்காலமே அவர் வீட்டில் கேட்டேன். அரக்குத் தட்டுக்கே உரிய அந்தச் சன்னமான இரைச்சல், அதன் மேலே பிரஷ், அதற்கும் மேலே சிம்பல். தேய்மானமே இல்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சைரன் தின்று தீர்த்த காது. அதில் அந்தச் சிம்பல் நுழைய வழிசெய்து கொடுத்தவன் நான். நான் அமைத்துக் கொடுக்காவிட்டால் அவருக்கு அது வெறும் கறுப்புத் தட்டு. அப்போது தோன்றியதுதான் இந்த யோசனை, அதற்கு முன்னால் மனதில் ஒன்றும் இல்லை.

அடுத்த முறை கருவியைச் சரிபார்க்க வந்தபோது இரண்டு காரியம் செய்தேன். வெளிச்சத்தம் கருவி வழியாக மட்டுமே நுழையும்படி, காது முழுவதையும் அடைக்கிற மாதிரி புது அச்சு செய்து போட்டேன். பிறகு இசைக்கான அமைப்பில் மேல் ஒலிகளை எடுத்துவிட்டேன். பேச்சுக்கான அமைப்பைத் தொடவே இல்லை. அதனால் டிவி நன்றாகக் கேட்டது, வாசல் மணி கேட்டது. ரெக்கார்டு மட்டும் போர்வைக்குள் இருந்து வருகிற மாதிரி கேட்டது.

வேறு யாராக இருந்தாலும் காதுக்கருவியைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். ரெக்கார்டு சேர்ப்பவன் முதலில் ஊசியைத்தான் சந்தேகப்படுவான். ஊசி தேய்ந்து முனை உடைந்திருந்தால், அது தட்டின் கோடுகளை உழுதுவிடும். மேல் ஒலிகள் முதலில் போகும், போனது திரும்பாது. எங்கள் எல்லோருக்கும் அதுதான் பெரிய பயம். அண்ணன் மறுநாளே கூப்பிட்டார். போனேன். ஊசியைக் கழற்றி உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். நல்ல ஊசி.

"தேஞ்சிருக்குண்ணே" என்றேன். "ஓரம் உடைஞ்சிருக்கு. இதுலயா இத்தனை நாளா போட்டீங்க?"

அவர் புது ஊசி மாட்டி அந்தத் தட்டைப் போட்டார். இரண்டு பேரும் கேட்டோம். எனக்குப் பிரஷ் கேட்டது, சிம்பல் கேட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போச்சா தம்பி?"

"அடங்கிப் போச்சுண்ணே."

பிடித்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்த்தார். பிடித்தவற்றைத்தானே அதிகமாக ஓட்டியிருப்பார். எல்லாம் அவருக்கு அதே மாதிரி அடங்கியே கேட்டன. அண்ணி சமையலறையிலிருந்து வந்து, "எனக்கு நல்லாத்தானே கேக்குது" என்றார்.

"உனக்கு அது தெரியாதும்மா" என்றார் அண்ணன்.

அதற்குப் பிறகு அவர் ரெக்கார்டு போடுவதையே விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கும் வரவில்லை, ஜலதோஷம் என்றார். டாக்டரம்மாவிடம் மட்டும் போனில் உண்மையைச் சொல்லியிருக்கிறார், "நானே கொன்னுட்டேன்மா" என்று. செத்த தட்டை யார் வைத்துக்கொள்வார்கள், என்னிடமே தந்துவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். ஒருமுறை வாய்விட்டே கேட்டேன். "நான் கொன்னது, என் கண்ணு முன்னாடியே இருக்கட்டும்" என்றார். கட்டிலுக்கு எதிரே, அண்ணியின் தையல் மிஷின்மேல் சாய்த்து வைத்திருந்தார். ஆள் இளைத்துவிட்டார். அதைப் பார்க்க எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. சரிசெய்து கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். திடீரென்று எல்லாத் தட்டும் பிழைத்துக்கொண்டால் என்னவென்று சொல்வது?

பிறகு ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"நாளைக்கு அந்தத் தட்ட எடுத்துட்டு வரப் போறேன் தம்பி. செத்ததுன்னாலும் எல்லாரும் ஒரு தடவ கேக்கட்டும். என் வாயால சொல்லி மன்னிப்பு கேட்டாத்தான் எனக்கு ஆறும். அப்புறம் அது உனக்குத்தான். நியாயமா அன்னிக்கே உன் கையில குடுத்திருக்கணும்."

டாக்டரம்மாவின் பிளேயரில் அந்தத் தட்டு எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியும். பல்லைக் குடையும் மிஷினின் சத்தம் இம்மி மாறினாலும் கண்டுபிடிப்பவர் அவர். மேல் ஒலிகளில் அவரை ஏமாற்ற முடியாது. அண்ணனுக்குக் கேட்காதது அங்கே மற்ற எல்லோருக்கும் கேட்கும். பிறகு ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருக்கும்.

"நானே வந்து கூட்டிட்டுப் போறேன்ணே" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். அண்ணன் கிளம்புவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை தட்டைப் போட்டுக் கேட்டார். பிறகு உறையில் போட்டு என்னிடம் நீட்டினார். அவருக்குக் கை லேசாக நடுங்கும், அதனால் நான் வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். குளிர்பதனக் கிடங்குகள் இருக்கும் சந்து வழியாக நடந்தோம். ஓரிடத்தில் நான் ஓரடி பின்தங்கினேன். ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது, அதன் ரிவர்ஸ் சத்தம் பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் எதையோ முணுமுணுத்துக்கொண்டே நடைபாதையிலிருந்து கீழே இறங்கினார்.

வீட்டில் பாட்டுக் கேட்டுவிட்டுப் பொத்தானை மாற்ற மறந்துவிட்டார், அதனால்தான் லாரிச் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை என்று முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். நீங்களும் அப்படித்தான் எழுதினீர்கள். எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தட்டைத் திருப்பித் தர அண்ணியிடம் போனேன். "அவரு உங்களுக்குன்னுதான் சொல்லிட்டு இருந்தாரு, நீங்களே வச்சுக்குங்க" என்றார்.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டிருக்கலாம். அப்படித்தான் கேட்டேன், சில நாள். ஆனால் தனியாகக் கேட்டால் அது பாதித் தட்டுதான். பிரஷ் முதல் தடவை உரசும்போது எதிரே இருப்பவரின் முகம் மாற வேண்டும். அதைப் பார்க்கத்தான் நாங்கள் வாரம் முழுக்கத் தூசியில் உட்கார்ந்து தேடுகிறோம். கூட்டம் மறுபடி கூடிய முதல் ஞாயிறே அதை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணனுக்கு அஞ்சலி என்று சொல்லிக்கொண்டேன்.

ஊசியை வைத்தேன். மீன்தொட்டிக்காரர் வாயைப் பிளந்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை, சுழலும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். விதிப்படி ஊசி தூக்கும்வரை பேசவில்லை. தூக்கியதும் கேட்டார்.

"அண்ணன் கொன்ன தட்டா இது?"

"நல்லாக் கழுவினேன் டாக்டர். அழுக்குதான் அடைச்சிருந்தது போல."

"உழுத தட்டு கழுவினா பிழைக்குமா?"

நான் தட்டை எடுத்து உறையில் போடப் பார்த்தேன். அவர் தொடர்ந்தார். "போன்ல அவர் சொன்னது எனக்கு அன்னிக்கே உறுத்திச்சு. 'இரைச்சல்கூட இல்லாம செத்துக் கெடக்கும்மா'ன்னார். ஊசி உழுத தட்டுன்னா முன்னவிட அதிகமால்ல இரையணும். இரைச்சலும் போயி சிம்பலும் போயிருக்குன்னா, போனது தட்டு இல்லையே."

அது என் பிழை. இரைச்சலும் பிரஷும் ஒரே உயரத்தில் குடியிருக்கின்றன. ஒன்றை எடுத்தால் இன்னொன்றும் போய்விடும். அண்ணன் துக்கத்தில் அதை யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. காதில் பூச்சுற்றத் தெரிந்தவன் இதையும் யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் டாக்டரம்மா அண்ணியிடம் போய்க் கருவியை வாங்கி, தன் காதில் வைத்து, அண்ணனின் பிளேயரிலேயே ஒரு ரெக்கார்டைப் போட்டிருக்கிறார். பொத்தானை அழுத்திப் பார்த்திருக்கிறார். திரும்ப அழுத்திப் பார்த்திருக்கிறார். பிறகு உங்களிடம் வந்தார். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

இப்போது அந்தத் திருத்தங்கள். அண்ணன் பொத்தானை மறக்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது அழுத்தினார், நான் பார்த்தேன். தெருவில் இறங்கும்போது அவர் அதை ஒருநாளும் மறந்ததில்லை. ஆனால் அதற்குச் சற்று முன்பு, அழுக்கு அடைத்திருக்கிறது, துடைத்துத் தருகிறேன் என்று கருவியை வாங்கிப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோனேன். பையில் லேப்டாப் இருந்தது. பேச்சுக்கான அமைப்பையும் மற்றதைப் போலவே ஆக்கிவிட்டேன். எதை அழுத்தினாலும் ஒன்றுதான். "என்னமோ அடைச்ச மாதிரி இருக்கே" என்றார் அண்ணன். "அச்சைக் கழுவினேன், ஈரமா இருக்கும், கொஞ்ச நேரத்துல சரியாயிடும்ணே" என்றேன். என்னை நம்பினார். காது விஷயத்தில் அவர் என்னைத் தவிர வேறு யாரையும் கேட்டதில்லை.

இன்னொன்று, சந்து. வழக்கமாக மெயின் ரோட்டில்தான் போவோம். அன்று வெயிலாக இருக்கிறது, சந்து நிழல் என்று அழைத்தது நான். அங்கே காலையில் லாரிகள் பின்னோக்கி வந்துகொண்டே இருக்கும் என்று தெரியும். ரிவர்ஸ் சத்தம் எந்த உயரத்தில் அடிக்கும் என்பது என் தொழிலில் தெரியாமல் இருக்காது. அது நான் அடைத்த இடத்துக்குள்தான் வரும். அந்த லாரி டிரைவரை விட்டுவிடுங்கள். அவர்மேல் தப்பில்லை. சத்தம் ஒழுங்காகத்தான் அடித்தது. நான் கேட்டேன். என் காது நன்றாக இருக்கிறது.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லுக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் நேற்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள், அதில் உங்கள் குரலும் கொஞ்சம் உயர்ந்தது. அவர் சட்டையைப் பிடித்து இழுக்கிற தூரத்தில்தானே நின்றாய், கடைசி நொடியில்கூடக் கை நீளவில்லையா என்று கேட்டீர்கள். என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைக்கிறீர்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. என் இரண்டு கையிலும் தட்டு இருந்தது. வாசலில் அதை என்னிடம் கொடுக்கும்போது அண்ணனே சிரித்துக்கொண்டு சொன்னார், "செத்த தட்டுதான், இருந்தாலும் என்ன ஆனாலும் கீழ போட்றாத தம்பி" என்று.

அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். அதை நான் காப்பாற்றினேன்.